குமிழைத் திருப்பினால் வேகம் மாறும்! சின்ன லேத்துக்குக் கிடைத்த கடிவாளம்

சமையல் அறையில் மிக்சி இருக்கிறது. அதில் 1, 2, 3 என்று மூன்று வேகம். சட்னி அரைக்க ஒரு வேகம், மிளகுப் பொடிக்கு ஒரு வேகம். குமிழைத் திருப்பினால் போதும்.

பக்கத்திலேயே மாவாட்டும் கிரைண்டர் இருக்கிறது. அதற்குப் பெரும்பாலும் ஒரே வேகம்தான். சுவிட்சைப் போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். "கொஞ்சம் மெதுவாக ஓடு" என்றால் கேட்காது.

இரண்டுக்கும் வருவது ஒரே மின்சாரம். பிறகு ஏன் ஒன்று சொன்னபடி கேட்கிறது, மற்றொன்று பிடிவாதம் பிடிக்கிறது?

இந்தக் கேள்வி அடுப்பங்கரையோடு நிற்பது இல்லை. இரும்பு கடையும் லேத் பட்டறையையும் பல ஆண்டு காலம் ஆட்டிப் படைத்த கேள்வி இது. இதற்கு நல்ல பதில் கண்டவர்களில் முக்கியமானவர், சென்னையில் பிறந்த ஒரு விஞ்ஞானி!

மலை அடிவாரத்தில்

நாமக்கல் மாவட்டம், சேந்தமங்கலம் வட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது பேளுக்குறிச்சி. பழனியப்பர் கோவிலுக்கும், சந்தைக்கும் பெயர் பெற்ற ஊர். மலையில் மிளகும், பலாவும், வாழையும் விளைகின்றன. சமவெளியில் விவசாயம். விவசாயம் என்றால் கிணறு. கிணறு என்றால் பம்பு. பம்பு என்றால் அடிக்கடி பழுது.

இந்த மாவட்டமே எந்திரத்தோடு பழகிய மாவட்டம். லாரிக்குக் கூடு கட்டுவதில் நாமக்கல்லுக்குப் பெயர் உண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. இத்தனை தொழிலுக்கும் பின்னால், சத்தம் இல்லாமல் நின்றுகொண்டிருப்பது லேத்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு வாலிபர், மேஜை மேல் வைக்கும் அளவுக்குச் சிறிய லேத் ஒன்றை வாங்கி வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆசைக்காக வாங்கியதுதான். பம்பரம் கடைகிறார், பித்தளையில் சின்னக் குத்துவிளக்கு கடைகிறார். ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வருகிறார். கையில், தேய்ந்துபோன வெண்கலப் புஷ். பம்பின் தண்டு சுழல்வதற்குத் தாங்கலாக இருக்கும் வளையம் அது.

"தம்பி, பொழுது சாயறதுக்குள்ள இதே மாதிரி ஒண்ணு கடைஞ்சு குடுக்க முடியுமா? சோளம் வாடுது."

"முடியுங்கண்ணா. ஆனா நாலு தடவை பெல்ட்டை மாத்தணும். கொஞ்சம் நேரம் ஆகுங்க."

எதற்காகப் பெல்ட்டை மாற்ற வேண்டும்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ராட்டினக் குதிரை

லேத்தில் கத்தி சுழல்வது இல்லை. கடையப்படும் இரும்புதான் சுழல்கிறது. 'சக்' என்ற பிடி அதை இறுகப் பிடித்துச் சுற்றுகிறது. டூல் என்ற வெட்டும் உளி ஓர் இடத்தில் நின்று, மெல்ல நகர்ந்து, இரும்பைச் சீவுகிறது. குயவர் சக்கரத்தில் மண் சுழல, கை நிற்பதைப் போல!

திருவிழாவில் ராட்டினம் பார்த்திருப்பீர்கள். உள் வட்டத்தில் ஒரு குதிரை, வெளி வட்டத்தில் ஒரு குதிரை. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு சுற்று முடிக்கின்றன. ஆனால் வெளிக் குதிரை போகும் தூரம் அதிகம். ஆகவே அதன் வேகமும் அதிகம்.

இரும்பும் அப்படித்தான். தடித்த இரும்பு மெதுவாகச் சுற்றினாலும் அதன் விளிம்பு டூலை வேகமாக உரசும். மெல்லிய கம்பி வேகமாகச் சுற்றினால்தான் அதே உரசல் கிடைக்கும்.

கணக்கைப் பாருங்கள். சாதாரண இரும்பைக் கடைய, விளிம்பு நிமிஷத்துக்குச் சுமார் 25 மீட்டர் வேகத்தில் டூலைக் கடந்து போனால் நல்லது. 10 மில்லி மீட்டர் கம்பி என்றால் நிமிஷத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்ற வேண்டும். 100 மில்லி மீட்டர் உருளை என்றால் 80 சுற்றுப் போதும். ஒன்றுக்குப் பத்து! வார்ப்பு இரும்புக்கு இன்னும் மெதுவாக வேண்டும். பித்தளையும் அலுமினியமும் இரும்பைவிட அதிக வேகம் தாங்கும்.

வேகம் கூடிவிட்டால் டூலின் முனை சூடேறி மழுங்கிவிடும். குறைந்துவிட்டால் வேலை நகராது. கடைந்த இடம் சொரசொரப்பாக இருக்கும். சில வேகத்தில் லேத்தே அதிர்ந்து 'கீச்' என்று கத்தும். இரும்பின் மேல் அலை அலையாகக் கோடு விழும். அந்த நேரத்தில் வேகத்தைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ பார்த்தால், பல சமயம் சத்தம் அடங்கிவிடும்.

26 ஆண்டு சோதனை!

'சரியான வேகம் எது?' இந்த ஒரு கேள்விக்காக 26 ஆண்டுகளைச் செலவிட்ட மனிதர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் பிரடெரிக் டெய்லர்.

1880-ம் ஆண்டு, பிலடெல்பியா நகரில் ஓர் உருக்கு ஆலையில் இவர் சோதனையைத் தொடங்கினார். ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தார். வேலை வளர்ந்துகொண்டே போயிற்று. டூலின் வடிவம், வெட்டின் ஆழம், வேகம், இரும்பின் தன்மை என்று ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பதிவு செய்த சோதனைகளே 30 ஆயிரத்துக்கு மேல். கடைந்து சுருளாகப் போன இரும்பு 8 லட்சம் பவுண்டுக்கு மேல்! முடிவுகளை 1906-ம் ஆண்டில்தான் வெளியிட்டார்.

வெட்டும் இடத்தில் தண்ணீரைத் தாரையாக விட்டால், வேகத்தைச் சுமார் 40 சதவீதம் கூட்டலாம் என்று இவர் கண்டார். ஒயிட் என்ற நிபுணரோடு சேர்ந்து, முனை சிவக்கச் சிவக்கக் காய்ந்தாலும் மழுங்காத புதிய உருக்கு டூலைச் செய்தார். 1900-ம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அந்த டூல் இரும்பைச் சீவியதை உலகத் தொழில் நிபுணர்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். 'ஹைஸ்பீடு டூல்' என்று பட்டறைகளில் இன்றும் கேட்டு வாங்குவது அந்த வம்சம்தான்.

தொழிலாளியைக் கடிகாரம் வைத்துக் கசக்கினார் என்ற கெட்ட பெயரும் டெய்லருக்கு உண்டு. அது வேறு கதை. இரும்பு கடையும் விஷயத்தில் அவர் சொன்னது இன்றும் நிற்கிறது.

பெல்ட் செய்த வேலை

சரி, வேகத்தை எப்படி மாற்றுவது?

பழைய வழி பெல்ட்தான். மோட்டாரில் ஒரு கப்பி. லேத்தில் ஒரு கப்பி. ஒவ்வொன்றும் மாடிப்படி போல மூன்று, நான்கு படிகள் கொண்டது. பட்டறையில் இதை 'ஸ்டெப் புல்லி' என்பார்கள். மோட்டார்ப் பக்கம் சின்னப் படி, லேத் பக்கம் பெரிய படி என்று பெல்ட்டை மாட்டினால் லேத் மெதுவாகச் சுற்றும். மாற்றி மாட்டினால் வேகமாகச் சுற்றும்.

மின்சாரம் வராத காலத்தில் ஓர் ஆயில் என்ஜின் பட்டறை முழுவதையும் ஓட்டியது. கூரைக்குக் கீழே நீளமான தண்டு. அதிலிருந்து எந்திரத்துக்கு ஒரு பெல்ட் தொங்கும். அது ஓடும்போது கிட்டே போகவே பயமாக இருக்கும். வேட்டி நுனியைப் பிடித்து இழுத்துவிடும்.

நீலகிரியில் பைக்காரா மின்சாரத் திட்டம் 1932-ம் ஆண்டு வேலை செய்யத் தொடங்கியது. கோவைக்கு மின்சாரம் வந்தது. ஆலைகள் பெருகின. பம்பு வந்தது. 1937-ம் ஆண்டு ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து கோவையில் மின்சார மோட்டார் செய்தார்கள். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று அது புகழ் பெற்றது. பாலசுந்தரம் பிறகு 'டெக்ஸ்டூல்' நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்குப் பிறகு கோவையின் பம்பும், மோட்டாரும், கிரைண்டரும் தமிழ்நாடு எங்கும் பரவின.

மோட்டார் வந்ததும் கூரைத் தண்டு போயிற்று. ஒவ்வொரு லேத்துக்கும் தனி மோட்டார். ஆனால் படிக் கப்பி போகவில்லை. ஏன் என்றால், வந்த மோட்டார் ஒரே வேகத்தில் ஓடும் மோட்டார்!

பேளுக்குறிச்சி வாலிபரின் லேத்தும் அப்படித்தான். புஷ்ஷுக்குத் துளை போட ஒரு வேகம், வெளிப்புறம் கடைய ஒரு வேகம், உட்புறத்தை அகலப்படுத்த ஒரு வேகம். ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, மூடியைத் திறந்து, பெல்ட்டைத் தளர்த்தி, படி மாற்றி, இறுக்கி, மூட வேண்டும். நாலாவது தடவை கை சலித்துப்போகும். 'இந்த வேகமே இருக்கட்டும்' என்று தோன்றும். அங்கேதான் டூல் மழுங்குகிறது. அல்லது அளவு தவறிப் புஷ் வீணாகிறது. ஒரு வெண்கலத் துண்டு போனால், அரை நாள் கூலி போனதற்குச் சமம். தோட்டத்துக்காரருக்கோ பம்பு மறுநாள்தான் ஓடும்.

மோட்டாரின் பிடிவாதம்

கிரைண்டர், கிணற்றுப் பம்பு, லேத் இவற்றில் பெரும்பாலும் இருப்பது 'இண்டக்சன் மோட்டார்'. 1888-ம் ஆண்டு நிக்கோலா டெஸ்லா இதற்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டில் டொலிவோ டொப்ரொவோல்ஸ்கி என்ற ரஷ்ய நிபுணர், ஜெர்மனியில் மூன்று பேஸ் மின்சாரத்தில் ஓடும் மோட்டாரைச் செய்து காட்டினார். அதன் நடுவில் சுழலும் பாகம் அணில் கூண்டு போல இருப்பதால், 'அணில் கூண்டு மோட்டார்' என்றே உலகம் முழுவதும் பெயர்.

மோட்டாரைச் சுற்றியுள்ள காயிலில் மின்சாரம் பாய்ந்ததும், உள்ளே ஒரு காந்த சக்தி வட்டமாக ஓடுகிறது. அதைத் துரத்திக்கொண்டு கூண்டு ஓடுகிறது. அவ்வளவுதான் அதன் ரகசியம். தேய்ந்துபோகும் கரித்துண்டு கிடையாது. அடித்துப் போட்டாலும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

மிக்சிக்குள் இருப்பது வேறு ஜாதி. அதில் கரித்துண்டு உண்டு. அது தேய்ந்தால் மாற்ற வேண்டும். காட்டுக் கத்தல் கத்தும். ஆனால் வேகத்தை மாற்றுவது எளிது. வீட்டிலே இருக்கும் இரண்டு மோட்டாருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை திசை மாறி மாறித் துடிக்கிறது. அந்தத் துடிப்புக்குத் தக்கபடிதான் காந்தம் ஓடும். காந்தத்துக்குத் தக்கபடிதான் கூண்டு ஓடும். சாதாரண லேத் மோட்டார் நிமிஷத்துக்குச் சுமார் 1,440 சுற்றுச் சுற்றுவதற்கு இதுதான் காரணம்.

2013-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி, தென் மாநிலங்களின் மின் தொகுப்பும் மற்ற மாநிலங்களின் மின் தொகுப்பும் ஒன்றாக இணைக்கப்பட்டன. காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை இப்போது ஒரே துடிப்பு! பேளுக்குறிச்சியில் ஒரு லேத் மெதுவாக ஓட வேண்டும் என்பதற்காக, நாடு முழுவதும் ஓடும் துடிப்பை மாற்ற முடியுமா?

"விசிறிக்குப் போடும் ரெகுலேட்டரை மாட்டினால் என்ன?" என்று சிலருக்குத் தோன்றும். கூடாது. ரெகுலேட்டர் மின்சாரத்தின் அழுத்தத்தைக் குறைக்கிறது. துடிப்பை மாற்றுவது இல்லை. விசிறிக்கு அது போதும். மெதுவாகச் சுற்றும் விசிறிக்குப் பலம் அதிகம் வேண்டாம், காற்றைத்தானே தள்ளுகிறது! லேத்திலோ எதிரே இருப்பது இரும்பு. அழுத்தம் குறைந்த மோட்டார் திணறும், நின்றுவிடும், காயில் கருகிவிடும்.

அமெரிக்காவில் ஹாரி வார்ட் லெனர்டு என்பவர் 1891-ம் ஆண்டிலேயே ஒரு வழி கண்டார். ஒரு மோட்டார், அது சுழற்றும் ஒரு ஜெனரேட்டர், அந்த ஜெனரேட்டரின் நேர் மின்சாரத்தில் ஓடும் இன்னொரு மோட்டார். அருமையாக வேகம் மாறியது. கட்டிடங்களின் லிப்டுக்கும் சுரங்கங்களுக்கும் பெரிதும் பயன்பட்டது. ஆனால் ஒரு வேலைக்கு மூன்று எந்திரம்! தாழ்வாரத்து லேத்துக்கு அது யானையைக் கட்டித் தீனி போடும் கதை.

சென்னையில் பிறந்தவர்

துடிப்பை மாற்ற வேண்டும். ஆனால் நாட்டின் துடிப்பை மாற்ற முடியாது. அப்படியானால் லேத்துக்கு மட்டும் தனித் துடிப்பு ஒன்றை உண்டாக்க வேண்டும். அதைச் செய்வதுதான் 'வி.எப்.டி.' அல்லது 'டிரைவ்' என்று பட்டறைகளில் சொல்லும் பெட்டி. சின்ன மோட்டாருக்கு வேண்டிய பெட்டி, மளிகைக் கடைக் கணக்கு நோட்டை நிறுத்தி வைத்த அளவுதான் இருக்கும்.

கிணற்றுத் தண்ணீரை முதலில் தொட்டியில் விட்டு, பிறகு மடையைத் திறந்து மூடி வேண்டிய அளவு பாய்ச்சுவது போன்றது இது. பெட்டி முதலில் வீட்டு மின்சாரத்தை நேர் மின்சாரமாக்கித் தேக்கிக்கொள்கிறது. பிறகு ஆறு மின்னணு மடைகள், வினாடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடி, வேண்டிய துடிப்பில் மூன்று பேஸ் மின்சாரத்தை வெளியே விடுகின்றன. துடிப்பு 50 என்றால் மோட்டார் முழு வேகம். 25 என்றால் பாதி வேகம். துடிப்புக்குத் தக்கபடி அழுத்தத்தையும் பெட்டியே குறைத்துக் கூட்டுகிறது. ஆகவே காயில் கருகுவது இல்லை.

கஷ்டம் எல்லாம் அந்த மடையில்தான் இருந்தது. முன்பு இரண்டு வகை மடை இருந்தது. ஒன்று, நிறைய மின்சாரத்தைத் தாங்கும். ஆனால் அதைத் திறந்து மூடவே நிறைய மின்சாரம் வேண்டும். மற்றொன்று, விரல் நுனியால் தட்டினால் திறக்கும். ஆனால் அழுத்தம் அதிகமானால் சூட்டிலேயே சக்தியை வீணாக்கும். அதனால் பெட்டி பெரிதாக இருந்தது, விலையும் கூடுதல்.

இந்த இரண்டின் நல்ல குணத்தையும் ஒன்றாகச் சேர்த்தவர் ஜெயந்த் பாலிகா.

இவர் 1948-ம் ஆண்டு சென்னையில் பிறந்தார். வளர்ந்தது பெங்களூரில். சென்னை ஐ.ஐ.டி.யில் மின்சார என்ஜினீயரிங் படித்து, 1969-ம் ஆண்டு பட்டம் பெற்றார். அமெரிக்கா போய் டாக்டர் பட்டம் பெற்று, 1974-ம் ஆண்டு 'ஜெனரல் எலெக்ட்ரிக்' கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார்.

அந்தக் கம்பெனிக்கு ஒரு தொல்லை. அறையைக் குளிர வைக்கும் எந்திரத்தில் மோட்டார் முழு வேகத்தில் ஓடும், பிறகு நிற்கும், மறுபடி ஓடும். இதில் மின்சாரம் வீணாகிறது. வேண்டிய வேகத்தில் மட்டும் மோட்டாரை ஓட்ட, விலை குறைந்த வழி உண்டா? பாலிகாவிடம் இந்தக் கேள்வி வந்தது. கிரைண்டரின் பிடிவாதம் அங்கேயும் இருந்தது பாருங்கள்!

1980-ம் ஆண்டு வாக்கில் பாலிகா 'ஐ.ஜி.பி.டி.' என்ற புதிய மடையைத் திட்டமிட்டார். அப்படி ஒன்று செய்தால், ஒரு தடவை திறந்தது மூடவே மூடாது என்று பலர் சந்தேகப்பட்டார்கள். அவர் செய்து காட்டினார். 1982-ம் ஆண்டு டிசம்பரில் விஞ்ஞானிகள் மாநாட்டில் இது வெளியே தெரிந்தது. அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. கம்பெனியைச் சேர்ந்தவர்களும் ஏறக்குறைய அதே காலத்தில் இதே போன்ற ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஜப்பானில் தோஷிபா கம்பெனியின் நாககாவா அதை மேலும் உறுதியாக்கினார். ஒருவர் மட்டும் இழுத்த தேர் அல்ல இது. ஆனால் வடத்தை முன்னால் நின்று பிடித்தவர்களில் பாலிகா முக்கியமானவர்.

மின்சார ரெயில், மின்சாரக் கார், 'இன்வெர்ட்டர் ஏ.சி.', ஆஸ்பத்திரியில் நின்றுபோன இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவி என்று பல இடங்களில் இன்று இந்த மடை வேலை செய்கிறது. 2024-ம் ஆண்டு பாலிகாவுக்குப் பின்லாந்து நாட்டின் 'மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு' கிடைத்தது. பரிசுத் தொகை 10 லட்சம் யூரோ.

மலைப் பாதை சொல்லும் பாடம்

இனிப் பேளுக்குறிச்சித் தாழ்வாரத்துக்குத் திரும்பலாம். பெட்டியை வாங்கி மாட்டியதும், வாலிபர் முதலில் என்ன நினைப்பார்? 'இனிப் பெல்ட்டுக்கும் கப்பிக்கும் வேலை இல்லை. கழற்றி எறிந்துவிடலாம்!'

அங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாரம் ஏற்றிய லாரி அதில் எப்படி ஏறுகிறது? டிரைவர் கியரைக் குறைக்கிறார். என்ஜின் வேகமாகவே ஓடுகிறது. சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறது. இழுக்கும் பலம் பெருகுகிறது. மேல் கியரிலேயே இருந்துகொண்டு, ஆக்சிலேட்டரை மட்டும் குறைத்தால்? வண்டி மெதுவாகப் போகாது; நின்றே போகும்.

படிக் கப்பி என்பது கியர். பெட்டியின் குமிழ், ஆக்சிலேட்டர் மாதிரி.

கப்பியால் லேத்தின் வேகத்தை நாலில் ஒன்றாகக் குறைத்தால், சுழற்றும் பலம் ஏறக்குறைய நாலு மடங்கு கூடும். பெட்டியால் நாலில் ஒன்றாகக் குறைத்தால் பலம் கூடுவது இல்லை, பழையபடியே இருக்கும். அதாவது 1 குதிரை சக்தி மோட்டார், கால் குதிரை சக்தி வேலைதான் செய்யும். 100 மில்லி மீட்டர் இரும்பு உருளையில் ஆழமாக வெட்டு வைத்தால், லேத் முனகிக்கொண்டு நின்றுவிடும்.

ஆகவே கப்பியும் இருக்க வேண்டும், பெட்டியும் இருக்க வேண்டும். கனமான வேலைக்குப் பெல்ட்டைக் கீழ்ப் படியில் போட்டுக்கொள்வது; மெல்லிய வேலைக்கு மேல் படியில் போட்டுக்கொள்வது. இடையில் வேண்டிய நயமான வேகத்துக்கெல்லாம் குமிழைத் திருப்புவது. புஷ் கடையும் வேலையில், நாலு தடவை பெல்ட் மாற்றிய இடத்தில் ஒரு தடவை போதும். கீச்சென்று லேத் கத்தினால் உடனே குமிழைக் கொஞ்சம் தொடலாம். வட்டத் தகட்டின் முகத்தைச் சீவும்போது, விளிம்பில் இருந்து நடுவுக்குப் போகப் போக, ஓட்டத்தை நிறுத்தாமலே வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பெல்ட் காலத்தில் இது நினைத்துப் பார்க்க முடியாத வசதி.

மாட்டும் முன்பு

இந்தப் பெட்டிக்குப் பழைய சிங்கிள் பேஸ் மோட்டார் உதவாது. அதில் உள்ள கண்டென்சரும், உள் சுவிட்சும் பெட்டியோடு ஒத்துப்போகாது. மூன்று பேஸ் மோட்டார் வாங்க வேண்டும். வீட்டில் மூன்று பேஸ் இணைப்பு இல்லையே என்று பயப்பட வேண்டாம். சிங்கிள் பேஸ் மின்சாரத்தை வாங்கி மூன்று பேஸாகக் கொடுப்பதும் பெட்டியின் வேலைதான். அப்படிப்பட்ட பெட்டி என்று கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. நம் ஊரில் கிடைக்கும் சின்ன மூன்று பேஸ் மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு 'ஸ்டார்' முறையில் இணைத்தவை. பெட்டி கொடுப்பதோ சுமார் 230 வோல்ட். மோட்டாரின் இணைப்பை 'டெல்டா'வாக மாற்றினால்தான் முழு பலம் கிடைக்கும். சில மோட்டாரில் இதற்கு வேண்டிய ஆறு முனையும் வெளியே இருக்கும். சிலவற்றில் மூன்று முனைதான் இருக்கும். அப்போது மோட்டாருக்குக் காயில் கட்டுபவரிடம் கொடுத்து, மற்ற மூன்றையும் வெளியே எடுக்கச் சொல்ல வேண்டும்.

குமிழைக் குறைத்து நெடுநேரம் ஓட்டினால் மோட்டார் சூடேறும். அதன் முதுகில் இருக்கும் விசிறியும் மெதுவாகத்தானே சுற்றுகிறது! கை வைத்தால் சுடுகிறது என்றால் ஓய்வு கொடுக்க வேண்டும். வேகத்தைக் கூட்டுவதிலும் எல்லை உண்டு. சக்கின் மேல் அதிகபட்ச வேகம் பொறித்திருக்கும். அதைத் தாண்டினால், வார்ப்பு இரும்புச் சக் சிதறி உயிருக்கே ஆபத்து வரலாம். சக் மரையில் ஏற்றி இறுக்கியதாக இருந்தால், திடீர் பிரேக்கும் வேண்டாம், எதிர்ப்பக்கம் சுற்றவும் வேண்டாம். மரை கழன்று, சுழலும் சக் உருண்டு வந்துவிடும்.

பழைய ஆன்-ஆப் சுவிட்சைப் பெட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் வைக்கக் கூடாது. ஓடும்போது அதை அணைத்தால் பெட்டி பழுதாகலாம். ஓட்டுவதும் நிறுத்துவதும் பெட்டியின் பொத்தானில்தான் இருக்க வேண்டும். கைக்கு எட்டும் இடத்தில் சிவப்பு நிறுத்தப் பொத்தான் ஒன்று அவசியம். மின்சாரம் போய்த் திரும்பி வந்தால், லேத் தானாக ஓடத் தொடங்கக் கூடாது. பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓட வேண்டும். பெட்டியை அப்படி அமைக்க வசதி இருக்கிறது. குழந்தைகள் நடமாடும் தாழ்வாரத்தில் இதைச் செய்யாமல் விடவே கூடாது.

எர்த் கம்பி கட்டாயம். இரும்புத் தூள் உள்ளே பறக்காதபடி, காற்றோட்டமும் இருக்கும்படி, பெட்டியை லேத்துக்குச் சற்றுத் தள்ளிச் சுவரில் மாட்ட வேண்டும். இணைப்பு வேலையை லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விடுவது நல்லது. பெட்டிக்குள் தேக்கி வைத்த மின்சாரம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நிமிஷம் உள்ளேயே இருக்கும். எத்தனை நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்று மூடியிலேயே அச்சடித்திருப்பார்கள். விளக்கு அணைந்துவிட்டதே என்று உடனே மூடியைத் திறந்தால், அந்த மின்சாரம் கையில்தான் பாயும்.